மூக்குக்குள் ஒரு புளியங்கொட்டை

கொரோனாவால் 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகள் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதுவரை பெரம்பலூர், அரியலூர்ப் பக்கமெல்லாம் அம்மாதான் தலைமையாசிரியர். அப்பா கல்வி அதிகாரி. நாற்காலியில் சாய்ந்தபடி மேற்பார்வை.

செயல்வழிக் கற்றலாம். பத்துப் புளியங்கொட்டையைப் பரப்பி அம்மா கழித்தல் சொல்லிக்கொடுக்க, சின்னது ஒன்றை மூக்குக்குள் திணித்துக்கொண்டது. வீடே அலறியது. தும்மல் பொடி தேடி ஆள் ஓடியது. பெரியது மட்டும் அசராமல், “மீதி ஒன்பது” என்றது. முழு மதிப்பெண்.

மறுநாள் அறிவியல். அப்பா ஆன்லைனில் பிளாஸ்டிக் டைனோசர் வாங்கியிருந்தார். ஆனால் பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டு. டெலிவரி கட்டணம்கூட இல்லை.

வேறு வழியின்றிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனார். “இங்கெல்லாம் அப்போ கடல்டா. அது விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் அரியலூர்ல அரைச்சு சிமெண்ட் பண்றாங்க.”

“அப்போ நம்ம வீட்டுச் செவுத்துல மீன் இருக்குமாப்பா?”

“அம்மாகிட்டக் கேளு.”