பாதி பம்பர்

கார் முன்னால் மோதினாலும் பின்னால் மோதினாலும் முதலில் அடி வாங்குவது பம்பர். அது பிளாஸ்டிக். நம் வாகனக் காப்பீட்டுத் தேய்மான அட்டவணைப்படி பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான். ஷோரூமிலிருந்து நேற்று இறங்கிய வண்டியானாலும் அதே 50 சதவீதம். உலோகப் பாகங்களுக்கோ முதல் 6 மாதம் கழிவே கிடையாது. ஆக, கடைசியாக அடிபடும் இடத்துக்கு முழுப் பாதுகாப்பு! பழசுக்குப் புதுசு கொடுத்தால் விபத்தே லாபமாகிவிடாதா என்று நிறுவனங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் பாதி தேய்ந்த பம்பரைப் பாதி விலைக்கு எந்தப் பட்டறையும் மாட்டித் தருவதில்லை. இதற்கும் மருந்து வைத்திருக்கிறார்கள்: 'ஜீரோ டெப்' என்று கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். காப்பீட்டில் உள்ள ஓட்டைக்குத் தனிக் காப்பீடு.

இதையும் தாண்டிப் பணம் கேட்கத் துணிந்தால் 'நோ கிளைம் போனஸ்' குறுக்கே நிற்கும். 5 ஆண்டுகள் ஒன்றும் கேட்காதிருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. ஒருமுறை கேட்டால் பூஜ்யம். பொறுப்பாக ஓட்டுபவருக்கான பரிசாம். சிக்னலில் நிற்கும் வண்டியை இன்னொருவர் வந்து இடித்தாலும், நம் பாலிசியில் கேட்டால் பரிசு போய்விடுகிறதே? அப்படியானால் பரிசு ஓட்டியதற்கல்ல, வாய் திறக்காததற்கு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பாலிசியை டாஷ்போர்டுக்குள் வைத்துவிட்டு, டிங்கரிங் கடையில் ரொக்கத்துக்குப் பேரம் பேசுகிறார்கள்.