மீல் மேக்கருக்கு மிரண்ட மாப்பிள்ளை

வாய்யா மாப்ள, இப்படித் திண்ணையில உக்காரு. பந்தியில பிரியாணிக்குள்ள கிடந்த மீல் மேக்கரைப் பொறுக்கிப் பொறுக்கி இலை ஓரத்துல ஒதுக்கினியே, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கேட்டா, சோயா தின்னா ஆம்பளத்தனம் போயிரும்ங்கிற. போறதுக்கு மொதல்ல இருக்கணும்ல? சரி சரி, கோவிச்சுக்காத.

சோயாவுல ஐசோஃபிளேவோன்னு ஒண்ணு இருக்குறது நெசந்தான். பொம்பளைகளுக்குச் சுரக்குற ஈஸ்ட்ரோஜன் சாடையில இருக்கும். சாடை இருந்தாப் போதுமாய்யா? உனக்கு உங்க பெரியப்பா சாடைதான். அதுக்காக அவரு தென்னந்தோப்பை உம் பேருக்கா எழுதி வச்சாரு? 2021-ல 41 ஆராய்ச்சிகளைச் சேத்து வச்சு அலசியிருக்காக. சோயா தின்ன ஆம்பளைகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையவுமில்ல, ஈஸ்ட்ரோஜன் கூடவுமில்ல. சப்பான்காரன் தலைமுறை தலைமுறையா டோஃபுவும் மிசோவும் தின்னுதான் பிள்ளை பெத்தான். இப்பப் பெத்துக்க மாட்டேங்கிறான்னா அது வேற வழக்கு, அதுல சோயாவை இழுக்காத.

அமெரிக்காவுல 60 வயசு ஆளு ஒருத்தருக்கு மாரு வீங்கிப்போச்சுன்னு 2008-ல டாக்டருக எழுதினாக. அதைத்தான் நீ செல்போன்ல பாத்து அரண்டிருப்ப. அந்த மனுசன் தெனம் கிட்டத்தட்ட மூணு லிட்டர் சோயாப் பால் குடிச்சிருக்காரு! நிறுத்தினாரு, மாருவலி விட்டுப்போச்சு. நீ பந்தியில ஒதுக்கினது எட்டே எட்டு உருண்டை.

அதே வருசம் இன்னொரு ஆராய்ச்சியும் வந்துச்சு. பிள்ளைக்காக ஆஸ்பத்திரி ஏறி எறங்குன ஆம்பளைகள்ல, சோயா நெறையத் தின்னவுகளுக்கு விந்தணு அடர்த்தி கொஞ்சம் கம்மி. ஓட்டத்துலயும் உருவத்துலயும் பழுதில்ல. ஆனா அந்தக் கம்மி, உடம்பு பெருத்தவுககிட்டதான் கூடுதலாத் தெரிஞ்சுச்சாம். ஏன் தொப்பையைத் துண்டால மூடுற?

கொழுப்பு இருக்கே, அதுவே டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனா மாத்திப்புடும். கூட, சனிக்கிழமை தோப்புல நீ ஒடைக்கிற பீரு. அதுல போடுற ஹாப்ஸ் பூவுல, செடிகொடியில கெடைக்கிற ஈஸ்ட்ரோஜன் சாடைச் சரக்குலயே வீரியமானது ஒண்ணு இருக்கு. பாட்டில்ல வாறது துளிதான மாமான்னு வாதாடுவ. நல்ல வாதம், அதையே மீல் மேக்கருக்கும் பேசு. ஆனா குடி மிஞ்சினா வெதையே சுருங்கும், அதுக்கு வாதமே கெடையாது.

ஜிம்முக்காரன் சொன்னான்னு ஆயிரக்கணக்குல குடுத்துப் புரோட்டீன் டப்பா வாங்குறியே, காஞ்ச மீல் மேக்கர் 100 கிராமுல பாதி புரதம்தான்யா. டப்பாவைத் திருப்பிப் பாரு, சிலதுல உள்ள இருக்குறதே சோயாதான்.

உங்கப்பாவுக்கு மட்டும் ஒண்ணு சொல்லு. தைராய்டு மாத்திரை போட்ட கையோட சோயாப் பால் குடிச்சா மாத்திரை உடம்புல சரியாச் சேராது. சில மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். ஆம்பளத்தனம் போயிருமேன்னு அவருக்குக் கவலை இருக்காது. எந் தங்கச்சி கழுத்துல தாலி கட்டுன அன்னைக்கே அதை எங்க வீட்டு வாசல்ல எறக்கி வச்சுட்டாரு மச்சான்.