பகலில் பார்க்க முடியாதவர்

உயிரியல் பூங்காவுக்கு எப்போது போனாலும் காட்டுப்பூனை தூங்கிக்கொண்டே இருக்கிறதே, டிக்கெட் காசு வீண்தானே?
– வாசகர், சேலம்

நைட் ஷிப்ட் முடித்துப் படுத்தவரைப் பகல் பதினோரு மணிக்கு எட்டிப் பார்த்தால் வேறென்ன செய்வார்? தூங்கினால் கவலையில்லை. ஒரே தடத்தில் போவதும் வருவதுமாக நடந்தால்தான் வில்லங்கம். அதற்கும் வழி உண்டு: கூண்டிலிருந்த சிறுத்தைப் பூனைகளுக்கு இரையைச் சுள்ளிக் குவியலில் ஒளித்து, ஒரு நாளில் பலமுறை வைத்துப் பார்த்த ஆய்வு 1993-ல் வெளிவந்தது. நடை குறைந்தது, தேடல் கூடியது.

நாமக்கல்லில் கோழிக்கா பஞ்சம்? துரும்பன் பூனை என்கிற சின்னக் காட்டுப்பூனை ஒன்றை வீட்டில் வளர்க்கலாமா?
– வாசகி, ராசிபுரம்

பூனை வந்தால் பின்னாலேயே வனத்துறை ஜீப்பும் வரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது அது. தவிர, முழுதாக வளர்ந்தாலும் சுமார் ஒன்றரை கிலோதான். எடையில் உங்கள் ஊர் பிராய்லரே அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்!