டேப்கலையும் ஸ்பேஸ்கலையும்

கோயில் யானையின் நெற்றியில் வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று காஞ்சிபுரத்தில் கோர்ட்டுப் படி ஏறினார்கள். யானையை யாரும் கேட்கவில்லை. அந்தப் பரம்பரை அற்றுப்போய்விடவில்லை, லேப்டாப்புக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் கோடின் ஒவ்வொரு வரி நெற்றியிலும் இடம்விட டேப்பா, ஸ்பேஸா என்று இப்போது அடித்துக்கொள்கிறது.

நான் ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு, பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதும் ஓர் இலவச மென்பொருளுக்கு அவ்வப்போது கைகொடுப்பவன். அதில் ராஜபாளையம் என்று அடித்தால் ஊர் வருகிறது. பக்கத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரை அடித்தால் ‘அப்படி ஓர் ஊரே இல்லை’ என்கிறது. 192 அடிக் கோபுரம் நிற்கிற ஊர் இல்லையாம்!

கோளாறு முதலெழுத்தில். யூனிகோடில் ‘ஸ்ரீ’யை ஸகரம் வைத்தும் அடிக்கலாம், 2005-இல் சேர்த்த ஶகரம் வைத்தும் அடிக்கலாம். திரையில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கம்ப்யூட்டருக்கோ ஒன்றுக்கொன்று உறவே கிடையாது. ஒரு கீபோர்டு இதைத் தரும், இன்னொன்று அதை. இரண்டையும் ஒன்றாக்க நாலு வரி போதும். எழுதி அனுப்பினேன்.

வந்தார்கள், மென்பொருளைக் கட்டிக்காக்கும் பெரியவர்கள்.

“தம்பி, நாலு ஸ்பேஸ் விடணும். பைத்தானுக்கு 2001-லேயே விதி எழுதியாச்சு.”

“லினக்ஸ் கெர்னல்ல எட்டு எழுத்து அகலத்துக்கு டேப்தான். நீங்க என்ன அதைவிடப் பெரிய ஆளா?”

மூன்றாமவர் என் இரண்டாவது வரியை எழுத்தெழுத்தாக எண்ணி, 79-இல் நிற்க வேண்டியது 81-க்கு ஓடிவிட்டதாகத் தீர்ப்பளித்தார். ஸ என்ன, ஶ என்ன என்று கேட்க ஒரு வாய் திறக்கவில்லை.

பார்க்கின்சன் என்ற எழுத்தாளர் 1957-லேயே எழுதிவைத்தார்: கமிட்டி அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் தலையாட்டும், சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டும். கொட்டகைதான் எல்லாருக்கும் தெரியுமே! ஸ்பேஸை எண்ண ஒன்று, இரண்டு தெரிந்தால் போதும். பிழையைப் பிடிக்கத்தான் படிக்க வேண்டும்.

விதியே வேண்டாம் என்று சொல்ல நான் மடையனல்ல. நாலு பேர் கைவைக்கிற கோடு சீராக இருந்தால்தான் ஐந்தாமவனுக்குப் புரியும். ஆனால் அந்தச் சீரை மிஷினே செய்துவிடும். ‘கோ’ என்ற கம்ப்யூட்டர் மொழிக்காரர்கள் ‘கோஃபம்ட்’ என்ற கருவியிடம் அதை ஒப்படைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள். இங்கே அதைச் சொன்னால் முகம் சுருங்குகிறது. மிஷின் ஸ்பேஸை எண்ணிவிட்டால் இவர்கள் எதை எண்ணுவார்கள்? கோடைப் படிக்க வேண்டிவருமே!

ஸ்பேஸைத் திருத்தி ஆறு தடவை அனுப்பிவிட்டேன். விதிக்கு விதி எழுத ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது. கோடு புள்ளிக்கோலம்போல வரிசை பிசகாமல் நிற்கிறது.

ஊரைத்தான் இன்னும் காணோம்.