மவுஸ் தொடாத மனிதர்

மேசை நடுவில் எழுத்து தேய்ந்த கீபோர்டு. மவுஸோ ஒயரைச் சுற்றிக்கொண்டு மானிட்டருக்குப் பின்னால் கிடக்கும். டெர்மினலில் இமாக்ஸ் எடிட்டரைத் திறந்து, மெனு பட்டையை மறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார் நம் நாயகர். மெனு பார்த்து வேலை செய்பவர்கள் அவர் கணக்கில் விலைப்பட்டியல் பார்த்து இட்லி கேட்பவர்கள். ஆனாலும், எடிட்டரில் மெனு மக்கர் பண்ணினால் அலுவலகமே ஓடி வருவது இவரிடம்தான்.

"சார், எஃப்10 தட்டினா இமாக்ஸ் மெனு வரல."

"மெனு எதுக்கு?" என்பது முதற்கட்டப் பரிசோதனை. பிறகுதான் திரையைப் பார்ப்பார். நோம் டெர்மினல் எஃப்10-ஐ வழியிலேயே பிடுங்கிக்கொண்டு தன் மெனுவைத் திறந்திருக்கும். அந்த வசதியை அணைத்தால் தீர்ந்தது. அவர் வாய் அணையாது. கன்ட்ரோல்-ஐ அழுத்தினாலும் டேப் அழுத்தினாலும் டெர்மினலில் வருவது அதே 9, கன்ட்ரோல்-எம்முக்கும் என்டருக்கும் அதே 13 என்று ஆரம்பித்து, பில் ஜாய் 1976-இல் விஐ எடிட்டரை எழுதிய காலத்துக்குப் போய்விடுவார். ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகள் மேலேயே அச்சாகியிருந்தன என்பதைக் கேட்காமல் யாரும் இருக்கைக்குத் திரும்பியதில்லை.

அவரை உண்மையிலேயே ஆட்டிவைத்த புகார் வேறு. அலுவலகத்துக்கென்று எழுதிய, டெர்மினலில் ஓடும் எடிட்டர். அகலமான புது மானிட்டர். "இடதுபக்கம் ரைட் க்ளிக் பண்ணா மெனு வருது சார், வலதுகோடியில வரல."

"அவ்வளவு தூரம் ஏம்மா போறே?"

கேட்டாரே தவிர, அன்று சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. டெர்மினலின் பழைய முறைப்படி, க்ளிக் விழுந்த பத்தி எண்ணோடு 32-ஐக் கூட்டி ஒரே பைட்டில் அனுப்ப வேண்டும். பைட்டின் உச்சம் 255. ஆக, 223-ஆம் பத்தியைத் தாண்டிய க்ளிக்கைச் சொல்ல வழியே கிடையாது. மானிட்டர் குறுகலாக இருந்தவரை யாருக்கும் இது தெரியவில்லை. எண்ணை இலக்கம் இலக்கமாக எழுதி அனுப்பும் 1006 முறைக்கு மாற்றினால் போதும்.

மாற்றினார். சோதிக்க வேண்டுமே! பக்கத்து மேசைக்காரர் பெருந்தன்மையோடு தன் மவுஸை நீட்டினார். இவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. டெர்மினலுக்கு க்ளிக்கும் வெறும் எழுத்துச்சரம்தானே? 2 என்றால் வலது பொத்தான், அப்புறம் 224, அப்புறம் வரிசை எண், முடிவில் பெரிய எம். எல்லாவற்றையும் கீபோர்டிலேயே அடித்து, சின்ன ஸ்கிரிப்ட் வழியே எடிட்டருக்கு ஊட்டினார். வலதுகோடியில் மெனு விரிந்தது.

விரிந்தது, மூடவில்லை. பொத்தானை விட்டதைச் சொல்லும் சின்ன எம்மை அனுப்ப மறந்திருந்தார். எடிட்டரைப் பொறுத்தவரை யாரோ இன்னும் மவுஸை அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். அதையும் அனுப்பி மூடியவர், திருத்தத்தோடு இன்னொன்றையும் சேர்த்தார்: மெனுவின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதன் குறுக்குவிசை, தடித்த எழுத்தில். புகார் சொன்ன பெண் இனி அந்தப் பக்கம் வரவே தேவையிருக்காதாம்.