பேனா பிடித்தவர் விதி: குடும்பச் செலவுக் குறைப்பு குறித்து ஒரு சிற்றாராய்ச்சி

சம்பளம் வந்து இரண்டு வாரம்கூட ஆகாமல் செலவு கையைக் கடிக்கத் தொடங்கினால், வீட்டில் ஒரு கூட்டம் கூடும். பொருளாதார அறிஞர்கள் இந்தக் கூட்டத்தை இதுவரை தீண்டவில்லை. வருமானம் ஏற ஏற அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-லேயே சொல்லிவிட்டார். இந்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பும் அவருக்குச் சாதகமாகவே பேசுகிறது: சாப்பாட்டின் பங்கு கிராமத்தில் 46 சதவீதம், நகரத்தில் 39. ஆனால் துண்டு விழும்போது யாருடைய செலவில் முதலில் கத்தி விழும் என்ற கேள்வியை எங்கெல் கேட்கவே இல்லை. அவர் வீட்டுப் பட்டியலை அவரே எழுதியிருக்கக்கூடும்.

நம்மவர்களில் வள்ளுவர் விவரம் தெரிந்தவர். வரவு சிறுத்தாலும் செலவு பெருக்காதவனுக்குக் கேடில்லை என்ற கருத்தை அவர் 'பொருள் செயல்வகை'யில் வைக்கவில்லை. 'வலியறிதல்' அதிகாரத்தில் 478-ஆம் குறளாக வைத்தார். படை கிளம்புமுன் தன் வலியையும் மாற்றான் வலியையும் அரசன் தூக்கிப் பார்க்கவேண்டிய இடம் அது. உரையாசிரியர்கள் இதற்கு நுட்பமான காரணங்கள் காட்டலாம். மாதக் கூட்டத்தை நேரில் பார்த்தவருக்கு அவை தேவைப்படா.

இவ்வாய்வின் களம் எங்கள் வீட்டுக் கூடம். கருவிகள்: வங்கி இனாமாகக் கொடுத்த டைரி, ஒரு பால்பாயின்ட் பேனா, ஒரு மூக்குக் கண்ணாடி. மூன்றும் அப்பா வசம். இதிலிருந்தே மைய விதி பிறக்கிறது: ஒரு செலவு அத்தியாவசியமா ஆடம்பரமா என்பதைப் பொருளைப் பார்த்துச் சொல்ல முடியாது; பேனா பிடித்தவருக்கு அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தே சொல்ல முடியும்.

கூட்டம் பெரும்பாலும் லவங்கத்தில் தொடங்கும்.

"அம்பது கிராம் லவங்கம் ஒரு மாசத்துக்கா? யாரு திங்கிறா இதை?"

"பிரியாணியில பொறுக்கித் தட்டோரமா வைக்கிறீங்களே, அதுதாங்க. ரெண்டு பேப்பர் எதுக்கு வாங்கறோம்?"

"தமிழ் பேப்பர் சேதிக்கு. இங்கிலீஷ் பேப்பர் பேத்தியோட இங்கிலீஷுக்கு."

பேத்தி படிப்பது பெங்களூரில். இருந்தும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறும்: லவங்கம் 25 கிராம், பேப்பர் இரண்டு.

பாலில் விழுந்த வெட்டு இன்னும் ஆழமானது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. 2022 நவம்பரில் ஆரஞ்சு அரை லிட்டர் 24 ரூபாயிலிருந்து 30-க்குத் தாவியது. நீலம் 20-லேயே நின்றது. தினம் இரண்டு பாக்கெட், மாதம் 600 ரூபாய் மிச்சம் என்று டைரியில் ஏறி, அடியில் இரட்டைக் கோடும் விழுந்தது. மறுநாள் காலை காபி வந்தது. அப்பா ஆற்றினார். ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி ஆற்றினார். டம்ளரை ஜன்னல் பக்கம் சாய்த்து உள்ளே பார்த்தார். "காபித்தூள் கடையை மாத்திட்டியா?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. அந்த மௌனமும் ஆய்வுக்குரியதே, இங்கே இடமில்லை. வாரம் முடிவதற்குள் ஆரஞ்சு பாக்கெட் ஒன்று மட்டும் திரும்பி வந்தது, 'கால்சியம்' என்ற தலைப்பில். (கொழுப்பு கூடினால் கால்சியம் கூடிவிடாது. ஆனால் டைரி அறிவியல் ஏடு அல்லவே.) மற்றவர்கள் நீலத்திலேயே தொடர்கிறார்கள்.

பேனாவின் கவலைக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மின் கட்டணத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாயாக இருந்தது. 501 ஓடினால் 1,958. எல்லையைத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகள் 2 ரூபாய் 25 காசிலிருந்து 4 ரூபாய் 50 காசுக்கு ஏறிவிட்டன. ஆக, அந்த 501-ஆவது யூனிட்டின் விலை மட்டும் 233 ரூபாய். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் ஓட்டினால் தீர்ந்துபோகும் சமாச்சாரம் அது. இதைக் கண்டுபிடித்த நாள்முதல், ரீடிங் எடுக்கும் தேதி நெருங்கினாலே அப்பா டார்ச்சும் கையுமாக மீட்டர் பெட்டிமுன் நிற்பார். கூடத்து விளக்கு அணையும். கிரைண்டர் ஓயும், இட்லி மாவு கடையிலிருந்து பாக்கெட்டில் வரும், அதன் விலை டைரியில் வேறொரு பக்கத்துக்குப் போகும். ஏசி எந்த அறையில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை வாசகர் மேற்படி விதியைக் கொண்டே கணிக்கலாம்.

விதியின் மறுபாதி தெரியவந்தது 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவில். 500, 1,000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்று பிரதமர் டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார். நாடு முழுக்க அரிசிப் பானைகளும் கடுகு டப்பாக்களும் புடவை மடிப்புகளும் ஒரே நேரத்தில் வாய்திறந்தன. வரலாற்றில் சிறுவாட்டுப் பணத்துக்கு இப்படியொரு கணக்கெடுப்பு அதற்கு முன் நடந்ததில்லை. இரண்டரை லட்சம் வரை வங்கியில் போட்டால் இல்லத்தரசிகளைக் கேள்வி கேட்கமாட்டோம் என்றது அரசாங்கம். எங்கள் கூடத்தில் முதல் 500 ரூபாய்க்கே கேள்வி வந்துவிட்டது.

துவரம்பருப்பு டப்பாவின் அடியிலிருந்து எடுத்த நோட்டுகளில் மஞ்சள் கறை. அப்பா எச்சில் தொட்டு எண்ணினார். பிறகு டைரியை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார். அதில் வெட்டு வெட்டாக மிச்சம் பிடித்த தொகைகள் இரட்டைக் கோட்டோடு இருந்தன; கையில் ஒரு ரூபாய் இல்லை. டைரிக்குள் வராத டப்பாவில் மட்டும் பணம் இருந்தது.

"இது எப்போலேர்ந்து?"

"நீங்க முதத் தடவை லவங்கத்தைக் கேட்டீங்களே, அந்த மாசத்துலேர்ந்து."

வீட்டுக்கு வேண்டிய லவங்கம் எப்போதுமே 25 கிராம்தான். எப்படியும் வெட்டு விழும் என்று தெரிந்தவர் வெட்டுக்கும் சேர்த்து 50 என்று எழுதியிருக்கிறார். கேள்வி கேட்க மறந்த மாதங்களின் மீதி, டப்பாவுக்குப் போயிருக்கிறது. அரசுத் துறைகள் நிதியமைச்சகத்துக்கு மதிப்பீடு அனுப்புவதும் ஏறக்குறைய இப்படித்தான். பருப்பு மணம்தான் இராது.

அந்த டப்பாவை 'இதர வரவு' என்ற தலைப்பில் டைரியில் சேர்க்க அப்பா கொண்டுவந்த தீர்மானம் விவாதமின்றித் தோற்றது. டப்பா இப்போதும் புழக்கத்தில் இருக்கிறதா என்று அறிய, சமையலறையில் கள ஆய்வுக்கு அனுமதி கேட்டேன். "இந்தத் தேங்காயைத் துருவிக் குடு, அப்புறம் பார்க்கலாம்" என்றார் அம்மா. துருவி முடித்து நிமிர்வதற்குள் அலமாரியில் டப்பாக்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன.