கொசுறு

கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டுக் கீரை வாங்கிவிட்டு நாலு இணுக்குக் கறிவேப்பிலை கொசுறு கேட்போம். தராவிட்டால் தெருவுக்கே கேட்கும்படி சண்டை போடுவோம். பெரிய கம்பெனிகள் மரியாதை தெரிந்தவை. கொசுறு கேட்டு நம்மைச் சங்கடப்படுத்துவதில்லை, அவையே எடுத்துக்கொள்கின்றன.

2021 டிசம்பரில் மணலியில் ஒருவர் தெருவில் திரியும் பிராணிகளுக்குப் போட மேரி லைட் பிஸ்கட் வாங்கினார். உறையில் 16 என்று போட்டிருந்தது. ஒரு பாக்கெட்டில் இருந்தது 15. பிராணிகள் எண்ணிப் பார்க்கவில்லை, நாமும் பார்ப்பதில்லை. அந்த மனிதர் எண்ணினார். கடையில் கேட்டார், கம்பெனியில் கேட்டார். சரியான பதில் வராததால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் படியேறினார்.

அங்கே பிஸ்கட் கம்பெனியான ஐடிசி சொன்ன விளக்கத்தைக் கல்வெட்டில் பொறிக்கலாம். எண்ணிக்கையில் விற்கவில்லையாம், எடையில்தான் விற்கிறார்களாம். அப்புறம் உறையில் அந்த 16 எதற்கு, திருஷ்டிப் பொட்டா? சரி, எடையையே பார்ப்போம் என்றால், 76 கிராம் என்று போட்ட பாக்கெட் 74 கிராம்தான் நின்றது. உடனே அடுத்த விளக்கம்: 4.5 கிராம் வரை குறையலாம் என்று விதியே இருக்கிறது! காற்றில் ஆவியாகும் பண்டங்களுக்கான சலுகை அது, பிஸ்கட்டுக்குச் செல்லாது என்றது ஆணையம். 2023இல் தீர்ப்பு வந்தது: இழப்பீடு 1 லட்சம் ரூபாய், வழக்குச் செலவுக்கு 10,000.

ஒரு பிஸ்கட் அப்போது 75 பைசா. இன்று அதைத் தட்டில் போட்டால் பிச்சைக்காரரே முறைப்பார். அதனால்தான் அது திருடுவதற்கு வாகான தொகை. இப்படி ஒரு நாளைக்கு 29 லட்சம் ரூபாய் சுருட்டப்படுகிறது என்பது வழக்குப் போட்டவரின் கணக்கு. அந்தக் கணக்குப்படி பார்த்தால், செலவுத் தொகையையும் சேர்த்து விதித்த தண்டம் ஒரு மணி நேர வரும்படிகூட இல்லை.

நாம் என்ன செய்தோம்? செய்தியைப் படித்துச் சிரித்தோம். "ஒரு பிஸ்கட்டுக்குப் போய்க் கேஸா? வேலைவெட்டி இல்லாத ஆளு!" குறைத்துப் போட்டவனுக்கு வெட்கமில்லை, எண்ணிப் பார்த்தவன் வெட்கப்பட வேண்டுமாம். போனால் போகிறது என்று நாம் விடும் பெருமூச்சை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

நானும் ஒன்றும் சூரனில்லை. ஒரு துணிக்கடையில், அவர்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் அடித்த பைக்குத் தனியாகக் காசு வாங்கினார்கள். பின்னால் வரிசை நின்றது, எனக்கு வாய் வரவில்லை. பல்லக்கும் தூக்கி, தூக்கியதற்குக் கூலியும் நானே கொடுத்துவிட்டு, அந்த விளம்பரத்தை வீடுவரை சுமந்து வந்தேன்.

உங்களுக்காவது வாய் வந்தால், வழி இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். போனில் புகார் சொல்ல 1915. பில்லை மட்டும் கசக்கி எறியாதீர்கள்.